மூக்கில்லாத ராஜாக்களும் ஒரு சைகோன் அம்மாவும்

என்னிடம் பாஸ்போர்ட் இருக்கிறது. படித்து முடித்த கையோடு எடுத்தது. பீரோவில் அம்மாவின் பட்டுப்புடவைகளுக்கு நடுவே ஒரு முத்திரைகூட விழாமல், வாங்கிய நாளில் இருந்த அதே கற்போடு கிடக்கிறது. பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் பாரிஸில் காபி குடித்துவிட்டு எழுதுகிறார்கள். நானோ ஒரத்தநாட்டில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுப் பசு சினையா இல்லையா என்ற வாக்குவாதத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மாட்டு டாக்டருக்குப் படிக்கிற காலேஜ் உள்ள ஊர். தெருவுக்கு நாலு பேர் நிபுணர்கள்.

அப்போதுதான் கலியமூர்த்தி மாமாவிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"பாப்பா, ஒரு வீடியோ அனுப்பியிருக்கேன், பாரு. நம்ம வீட்டு டின்ல கெடக்குற மாதிரியே காசு. லட்சக்கணக்குல போவுதாம். நீதான் படிச்ச புள்ள, கௌம்பி வா. வெள்ளிக்கிழமைக்குள்ள தெரிஞ்சாகணும்."

வீடியோவைப் பார்த்தேன். தலைப்பிலேயே மூன்று ஆச்சரியக்குறி. கூலிங் கிளாஸ் போட்ட ஒருவர், வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, "உங்க பாட்டன் டப்பாவைத் திறங்க, கோடீஸ்வரன் ஆகுங்க" என்றார். அவர் பாட்டன் டப்பாவில் எதுவும் இல்லை போலிருக்கிறது; பின்னால் சுவரில் பெயின்ட் உரிந்திருந்தது.

மாமா என் அம்மாவின் தம்பி. வீடு குத்தாலம் பக்கத்தில். பிழைப்பு மலேசியாவில், ஜொகூரில் ஓர் ஓட்டலில் பரோட்டா போடுவது. லீவில் வந்திருந்தார். வெள்ளிக்கிழமை ராத்திரி திருச்சியிலிருந்து விமானம். அவருடைய திட்டம் சுருக்கமானது. காசு தேறினால் பழைய நடவு மெஷின் ஒன்றை வாங்கி, ஐந்து ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து, சம்பா போட்டு, ஊரிலேயே இருந்துவிடுவார். தேறாவிட்டால் பரோட்டா. காசு எங்கிருந்து வந்தது என்றால், அம்மாவின் தாத்தா பினாங்கு துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அங்கே எல்லா நாட்டுக் காசும் புழங்குமாம். திரும்பி வந்தபோது ஒரு பிஸ்கட் டின் நிறையக் கொண்டுவந்தார். அதோடு அவர் வெளிநாடு முடிந்தது. என் வெளிநாடு இப்படித்தான் ஆரம்பித்தது.

பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் ஓர் அம்மா, மடியில் புது பிரஷர் குக்கர். எந்த ஊர், எங்கே போகிறாய், என்ன படித்தாய், ஏன் வேலை கிடைக்கவில்லை, ஏன் கல்யாணம் ஆகவில்லை. எந்த ஏர்போர்ட் இமிக்ரேஷனிலும் இவ்வளவு கேட்டிருக்க மாட்டார்கள். பழைய வெளிநாட்டுக் காசை விலை பார்க்கப் போகிறேன் என்று சொன்னதுதான் தப்பு.

"எங்கிட்டகூட இருக்கே" என்று சுருக்குப் பையைத் திறந்து ஒரு திர்ஹாமை எடுத்தார். "மூத்தவன் துபாய்ல இருக்கான். இது போவுமா பாரு."

முன் சீட்டுக்காரர் திரும்பி, பர்ஸிலிருந்து ஒரு சிங்கப்பூர் காசை எடுத்தார். பின்னாலிருந்து ஒரு கை தோளுக்கு மேல் நீண்டது, உள்ளங்கையில் குவைத். ஆளுக்கொரு நாடு. எல்லாம் போன வருஷம், அதற்கு முந்தின வருஷத்துக் காசுகள். நான் ரிசர்வ் வங்கி மாதிரி நடுவில் உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் வந்து பார்த்தார்.

"அதெல்லாம் உள்ள வைங்க. மூணு நாட்டுக் காசு வச்சிருக்கீங்க, டிக்கெட்டுக்கு மட்டும் ஐநூறு ரூவா நோட்டா நீட்டுறீங்க."

மாமா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. செல்வி அத்தை கூடத்தில் உட்கார்ந்து, புளியும் சாம்பலும் போட்டு அந்தக் காசுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பூஜைச் சாமானுக்குக்கூட அவ்வளவு உழைத்திருக்க மாட்டார். கறுத்துக் கிடந்த, இங்கிலீஷ் ராஜாக்கள் தலை போட்ட வெள்ளிக் காசுகள் எல்லாம் பளபளவென்று தட்டில் கிடந்தன.

"நாலு பேருகிட்ட காட்டப்போற பொருளு. அழுக்கோட கொடுத்தா, குடும்பம் நடத்துற லெச்சணத்தைப் பத்தி என்ன நெனைப்பாங்க?" என்றார்.

நியாயமாகப் பட்டது. நானும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். புரட்டாசி என்பதால் மீன் கிடையாது. கத்திரிக்காய் வதக்கலும் மோர்க்குழம்பும். மாமா சாப்பிடும்போதுகூடத் தட்டைப் பார்க்கவில்லை, காசைப் பார்த்தார். கூடத்து மூலையில் அவருடைய சூட்கேஸ், கயிறு கட்டத் தயாராக நின்றது. அதை அவர் பார்க்கவே இல்லை.

மறுநாள் மாமாவின் பைக்கில் கூத்தாநல்லூர். மலேயா, பர்மா, சைகோன் என்று தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்த குடும்பங்கள் உள்ள ஊர். அங்கே ஷாஜகான் பாய் என்று ஒருவர், பினாங்கில் கடை வைத்திருந்து திரும்பியவர், பழைய காசெல்லாம் தெரிந்தவர் என்று மாமாவுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

பாதி வழியில் ரோடு இல்லை. குறுவை அறுவடை முடிந்து, ரோட்டில் ஒரு பக்கம் முழுக்க நெல்லைக் காயப்போட்டிருந்தார்கள். மறுபக்கம் எதிரே ஒரு பஸ். மாமா பைக்கை நெல் ஓரமாகத் திருப்ப, பின்சக்கரம் ஒரு முழம் நெல்மேல் ஏறியது. குடையோடு காவல் இருந்த ஒரு பெண் எழுந்து வந்தார்.

"ஏய்யா, சோறுதானே திங்கிறே? ரோடு அந்தப் பக்கம் இருக்கு, கண்ணு எந்தப் பக்கம் இருக்கு?"

"தெரியாம ஏத்திட்டேன்க்கா."

"எறங்கு. எறங்கித் தள்ளிக்கிட்டுப் போ."

மாமா இறங்கினார். தள்ளிக்கொண்டு போகவில்லை. ஒரு பிடி நெல்லை எடுத்து, ஒன்றைப் பல்லில் வைத்துக் கடித்தார்.

"இன்னும் ஈரமா இருக்கே. இப்படியே கொள்முதலுக்கு எடுத்துட்டுப் போனா திருப்பி அனுப்பிடுவான்."

"அது எங்களுக்குத் தெரியாதாக்கும். வெயில நீ கொண்டாந்து தர்றியா?"

மாமா செருப்பைக் கழற்றினார். பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டினார். அந்த அம்மா ஒரு வரிசையில், இவர் ஒரு வரிசையில், காலால் நெல்லைத் துழாவிக்கொண்டு அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பி வந்தார்கள். நடுவில் அவர்கள் பேசியது முழுக்க எந்த ரகம், எத்தனை மூட்டை, யாருடைய அறுப்பு மெஷின் என்பதுதான். நான் புளியமரத்தடியில் பைக்குக்குக் காவல் நின்றேன். பாரிஸுக்குப் போனவர்கள் யாரும் இப்படி நின்றதாக எழுதவில்லை. கடைசியில் திட்டிய வாயாலேயே அந்த அம்மா, "தம்பிக்கு எத்தனை ஏக்கரு?" என்று கேட்டார். மாமா, "பாத்துக்கிட்டு இருக்கேன்க்கா" என்றார்.

கூத்தாநல்லூருக்குப் போய்ச் சேர்ந்ததும் எனக்கு உண்மையிலேயே எல்லை தாண்டிய உணர்வு வந்துவிட்டது. எங்கள் ஊரில் நல்ல வீடு என்றால் மாட்டுக்கொட்டகை பெரிதாக இருக்கும். இங்கே வீடுகளே பெரியவை. வழவழப்பான தளமும், வண்ணக் கண்ணாடி ஜன்னலுமாக. தெருவில் பாதி வீட்டுக்காரர்கள் வேறு நாட்டில்.

ஷாஜகான் பாய் கைலியும் பனியனுமாக, போனில் பேசிக்கொண்டே, உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். பேசியது மலாய். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாமா என் காதில் மொழிபெயர்த்தார்.

"பேத்திகிட்டப் பேசுறாரு. பூனை சாப்பிட மாட்டேங்குதாம். 'நீ பாதித் தட்டுல எந்திரிச்சுப் போறே, அதைப் பாத்துத்தான் பூனையும் கெட்டுப்போச்சு'ங்குறாரு."

போனை வைத்ததும் மாமா மலாயில் ஏதோ சொல்ல, பாய் தொடையில் தட்டிச் சிரித்தார். பிறகு இருவரும் அந்தப் பாஷையிலேயே கிளம்பிவிட்டார்கள். நான் டீயோடு வெளிநாட்டவராக உட்கார்ந்திருந்தேன். மாமா இவ்வளவு வேகமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. இறால் வைத்த வாடாவும், தம்ரூட்டும் வந்தன. மாமா புரட்டாசி என்று வாடாவைத் தொடவில்லை. வெளிநாட்டில் விரதம் கிடையாது என்று நான் சட்டம் போட்டுக்கொண்டு அவருடையதையும் சேர்த்துச் சாப்பிட்டேன். தம்ரூட்டு என்பது கேசரிக்குப் பெரிய இடத்தில் கல்யாணம் ஆனால் எப்படி இருக்குமோ அப்படி.

"எப்ப திரும்புறீங்க தம்பி?" பாய் தமிழுக்கு மாறினார்.

"வெள்ளிக்கிழமை டிக்கெட்டு. பாக்கணும்."

"டிக்கெட்டு போட்டப்புறம் பாக்குறதுக்கு என்ன இருக்கு?"

மாமா டின்னைத் திறந்து வைத்தார்.

பாய் செப்புக் காசுகளை ஒரே தள்ளில் ஒதுக்கினார். "இதெல்லாம் எங்க வீட்ல ஜன்னல் ஆடாம இருக்க ஆப்பா வச்சிருக்கோம்." வெள்ளி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ராஜாவுக்கு மூக்கைக் காணோமே."

"பழசு இல்லையா பாய், தேஞ்சிருக்கும்" என்றேன்.

"இது தேஞ்சது இல்லம்மா, தேச்சது. சாம்பல் வாசனை வருது பாரு." இன்னொன்றை எடுத்தார். "இவருக்குத் தாடியும் போச்சு. பழைய காசை வாங்குறவன் அழுக்கையும் சேர்த்துத்தான் வாங்குவான். சலவை பண்ணிக் கொண்டாந்திருக்கீங்களே!"

மாமா என்னைப் பார்த்தார். நான் கடைசி வாடாவைப் பார்த்தேன்.

பாய் டின்னைக் கவிழ்த்து விரலால் துழாவினார். "பெரிய வெள்ளி ஒண்ணு இருக்கணுமே. சைகோன் காசு. அந்தக் காலத்துல பினாங்கிலேருந்து வந்தவங்க எல்லார்கிட்டயும் ஒண்ணாவது இருக்கும். ஒரு அம்மா உக்காந்திருப்பா. தலையைச் சுத்திக் கதிர் கதிரா இருக்கும். பக்கத்துல நெல்லுப் பயிரு மாதிரி. அதுல சில வருஷத்துக் காசுக்கு நல்ல கிராக்கி."

மாமா டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"இருக்கு பாய்."

"எங்க?"

"வாசக்கால்ல."

அது இப்படி. மாமா மலேசியாவில் இருக்கும்போதுதான் அவர் அனுப்பிய பணத்தில் இந்த வீடு எழும்பியது. எங்கள் பக்கம் வீடு கட்டும்போது தலைவாசல் நிலையை நிறுத்துவது ஒரு விசேஷம். வாசக்காலுக்கு அடியில் நவதானியம், பொட்டுத் தங்கம், வெள்ளிக் காசு எல்லாம் வைத்து, பால் ஊற்றி, மேலே நிலையைத் தூக்கி நிறுத்திப் பூசிவிடுவார்கள். வெள்ளிக்காக அத்தை இதே டின்னைத் திறந்தார். தாடி வைத்த ராஜாவை யாராவது வாசலுக்கு அடியில் வைப்பார்களா? ஒன்றே ஒன்றில்தான் உட்கார்ந்த கோலத்தில் ஓர் அம்மா, தலையில் கிரீடம், பக்கத்தில் நெற்கதிர். சாட்சாத் மகாலட்சுமி. அவளை உள்ளே வைத்துச் சிமென்டும் போட்டாயிற்று.

"வருஷம் என்ன போட்டிருந்துச்சு?" என்றார் பாய்.

மகாலட்சுமியிடம் யார் வயசு கேட்டார்கள்?

வருஷம் தெரியாமல் தன்னால் ஒன்றும் சொல்ல முடியாது என்றும், தஞ்சாவூரில் அருள்தாஸ் என்று ஒரு நாணய வியாபாரி இருக்கிறார், அவரிடம் கேளுங்கள் என்றும் பாய் சொல்லி அனுப்பினார்.

அதற்கடுத்த நாள் பாசஞ்சர் ரயிலில் தஞ்சாவூர். ஆடுதுறை தாண்டியதும் ரயில் காரணமில்லாமல் வயலுக்கு நடுவே நின்றது. எங்கள் பெட்டியில் நடவுக்கு வந்த வடநாட்டு ஆட்கள் சிலர், சேறு காய்ந்த கால்களோடு. ஒருவன் போனில் ஹிந்தியில் பேசினான். எனக்கு ஹிந்தி கொஞ்சம் வரும், எந்த நாட்டுக்காவது போக உதவும் என்று கற்றுக்கொண்டது.

"என்ன சொல்றான்?" என்றார் மாமா. இப்போது மொழிபெயர்ப்பு என் முறை.

"இங்க தண்ணி நல்லா இருக்காம். சோறு நெறைய போடுறாங்களாம். அடுத்த மாசம் கண்டிப்பா வந்துடுவேங்குறான்."

"வர மாட்டான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நானும் அதே குரல்லதான் சொல்வேன்."

ரயில் ஒரு குலுக்கலோடு கிளம்பியது. மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே, நட்டு ரெண்டு நாள் ஆன பயிர் இன்னும் பச்சை பிடிக்காமல் வெளிறி நின்றது.

அருள்தாஸின் கடை அரண்மனைப் பக்கத்துச் சந்து ஒன்றில் மாடியில் இருந்தது. எங்கள் ஊர் மருந்துக்கடை அளவுகூட இல்லை. கழுத்தில் சிலுவைச் சங்கிலி, கண்ணில் லென்ஸ், வாயில் பாக்கு. எங்கள் ராஜாக்களைப் பார்த்ததும் முதல் கேள்வி:

"புளியா, எலுமிச்சம்பழமா?"

"புளி" என்றோம் கோரஸாக.

"தேவலாம். போன வாரம் ஒருத்தர் பாத்ரூம் கழுவுற ஆசிட்டை ஊத்திக் கொண்டாந்தாரு. காசு இருந்துச்சு, அதுல நாடே இல்லை."

"யூடியூப்ல லட்சம்னு சொன்னாங்களே சார்?"

"அப்ப அவர்கிட்டயே கொடுத்துடுங்க. நான் எடுத்தா வெள்ளி எடைக்குத்தான் எடுப்பேன். செம்பை வாங்க மாட்டேன், விக்க மாட்டேன், யாராவது இலவசமா கொடுத்தாலும் கதவைச் சாத்திக்குவேன்."

மாமா சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். வாசக்கால் வைத்த அன்று அவருக்காக யாரோ எடுத்து அனுப்பிய வீடியோ அது. ஜொகூரில் பரோட்டாக் கல் முன்னால் நின்றபடி பார்த்தது. தேட வேண்டியிருக்கவில்லை, கட்டை விரல் நேராக அதில்தான் போய் நின்றது. அத்தை பட்டுப்புடவையில், குழி, நவதானியம், காசு.

"அந்த இடத்துல நிறுத்துங்க" என்று அருள்தாஸ் லென்ஸோடு போன்மேல் கவிழ்ந்தார். "ஆமா, சைகோன் காசுதான். லட்சுமின்னு நெனைச்சு வச்சுட்டாங்க போல. சைகோன் அப்ப பிரான்ஸ்காரன் கையில இருந்துச்சு. இது பிரான்ஸ்காரம்மா. சுதந்திர தேவி."

"எங்க வீட்ல அவங்க பேரு லட்சுமி" என்றார் மாமா, கொஞ்சம் கடுப்பாக.

"இருக்கட்டும். வருஷம் இந்தம்மா காலுக்குக் கீழ போட்டிருப்பான். கொஞ்சம் பெருசு பண்ணுங்க. இன்னும் கொஞ்சம்." நிமிர்ந்தார். லென்ஸைக் கழற்றிவிட்டு எங்களைப் பார்த்த பார்வையில் ஒரு வியாபாரியின் முழுத் துயரமும் இருந்தது. "சரியா வருஷத்து மேலயே சந்தனம் வச்சிருக்காங்க."

"சாமிக்குக் கால்லதானே சார் சந்தனம் வைப்பாங்க" என்றேன்.

"நெத்தியில வச்சிருக்கலாமே!"

"நெத்தியில குங்குமம் வச்சிருக்கு."

சாதாரண வருஷம் என்றால் வெள்ளி விலைக்கு மேல் கொஞ்சம். கிடைக்காத வருஷம் என்றால் அவரே காரை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பாராம். வாசலில் நிற்க முடியாது, அதைத்தான் உடைத்திருப்போமே என்று சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. ஒரே ஒரு ராஜாவை எடைக்கு விற்றோம். அவர் தலைக்கு எங்கள் ரயில் டிக்கெட்டும், கால் கிலோ சந்திரகலாவும் கிடைத்தன. சாம்ராஜ்ஜியத்தின் கடைசி மிச்சம் பாகில் ஊறிப்போய் இனிப்பாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மாமா சட்டையைக்கூடக் கழற்றவில்லை. கொல்லையிலிருந்து கடப்பாரையை எடுத்துவந்து வாசலில் நின்றார். வியாழக்கிழமை சாயங்காலம். மறுநாள் விமானம். சூட்கேஸ் இப்போது கயிறு கட்டி, வாசக்காலுக்கு அந்தப் பக்கம், கூடத்தில். கடப்பாரையோடு மாமா இந்தப் பக்கம். நான் சந்திரகலாப் பொட்டலத்தோடு நடுவில்.

செல்வி அத்தை கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். நடந்ததைச் சொன்னேன். பிரான்ஸ்காரம்மா என்பதையும்.

"எந்த ஊர்க்காரியா இருந்தா என்ன, நம்ம வாசல்ல வந்து உக்காந்துட்டா. எந்திரின்னு சொல்றது மரியாதையா?"

"சந்தனத்தை மட்டும் தொடச்சிப் பாத்துட்டுத் திரும்ப வச்சிடலாம்டி" என்றார் மாமா. சிமென்டுக்குள் விரலை விட்டுத் துடைக்கலாம் என்பது போல.

"ஏங்க, நான் ஒண்ணு கேக்குறேன். வருஷம் நல்லதா இருந்தா போக மாட்டீங்க. இல்லைன்னா நாளைக்கு ராத்திரி போயிடுவீங்க. அப்படித்தானே?"

மாமா கடப்பாரையைத் தரையில் ஊன்றினார்.

"போகப் பிடிக்கலைன்னா வாயைத் தொறந்து சொல்லுங்க. அதுக்கு எதுக்கு வாசக்காலைத் தொறக்கணும்?"

தெருவில் யாரோ வைக்கோல் கட்டு ஏற்றிய வண்டியோடு போனார்கள். மாமா கடப்பாரையைக் கை மாற்றிப் பிடித்தார்.

"சொன்னா நீ என்ன சொல்வே?"

"சொல்லிப் பாருங்க."

"மெஷின் வாங்க முடியாது. ஆள விட்டுத்தான் நடணும். அஞ்சு ஏக்கரும் முடியாது."

"நான் ஏக்கரா கேட்டேன்?"

மாமா சூட்கேஸைப் பார்த்தார். நான் வந்ததிலிருந்து அவர் அதை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"போகல" என்றார்.

"சரி. அந்தக் கடப்பாரைய எடுத்த எடத்துல வைங்க. நாத்துக்குச் சொல்லிவைக்கணும். நாளு ஏற்கெனவே பிந்திப்போச்சு." அத்தை பொட்டலத்தை என் கையிலிருந்து வாங்கி, ஒரு சந்திரகலாவை எடுத்துக் கடித்தார். "இது என்ன வெலை?"

"ஒரு ராஜா" என்றேன்.

டிக்கெட் எடுத்துக் கொடுத்த ஏஜென்ட்டுக்கு மாமா போன் போட்டார். மாமாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், பரோட்டாக் கல் சத்தத்திலேயே இருந்து அப்படி. எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"நான் வரலைங்க."

"என்னங்க, கடைசி நேரத்துல! டிக்கெட்டெல்லாம் போட்டாச்சு. என்ன ஆச்சு?"

மாமா எங்களைப் பார்த்தார். வாசக்காலை ஒரு காலால் மெதுவாகத் தடவினார். அதுவரை யாரும் மிதிக்காத இடம் போல.

"பழைய காசு ஒண்ணு கெடைச்சிருக்கு."

"அட! நல்ல காசா? என்ன பெறும்?"

"தெரியலைங்க" என்றார் மாமா. "சந்தனம் ஒட்டியிருக்கு."